காவல் அதிகாரியாக விரும்பும் கல்லூரி மாணவர்கள் முதல் ஆண்டிலிருந்தே செய்ய வேண்டியவை

காக்கி உடுப்பு போட வேண்டும் என்ற ஆசையோடு கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் போவது மைதானத்துக்குத்தான். போகட்டும், அது வேண்டும். ஆனால் ஓர் உதவி ஆய்வாளரின் வேலை நாளில் ஓட்டம் எப்போதாவதுதான் வரும். எழுத்து ஒவ்வொரு மணி நேரமும் வரும். புகார் வாங்குவது, முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது, மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் குறிப்பு) தயாரிப்பது, சாட்சிகளின் வாக்குமூலம் எழுதுவது, யாரை எந்தப் பணிக்கு அனுப்புவது என்று காலையில் முடிவு செய்வது, மாலையில் நீதிமன்றத்துக்குப் பதில் அனுப்புவது எல்லாமே நிர்வாகம். இந்தப் பக்கத்துக்குத் தயாராகாமல் உடலை மட்டும் தயார் செய்தவர்கள் எழுத்துத் தேர்வில் நின்றுவிடுகிறார்கள், அல்லது வேலை கிடைத்த பிறகு ஸ்டேஷன் ரைட்டரை நம்பியே காலம் தள்ளுகிறார்கள். தமிழ்நாட்டில் பட்டப்படிப்பு படித்துக்கொண்டே இந்த வேலைக்கு எப்படி ஆயத்தமாவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

எந்த வாசல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பட்டதாரிகளுக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன. முதலாவது, தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் உதவி ஆய்வாளர், அதாவது எஸ்.ஐ. தேர்வு. இரண்டாவது, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, அதில் துணை ஆட்சியர் பதவியோடு காவல் துணைக் கண்காணிப்பாளர், அதாவது டி.எஸ்.பி. பதவியும் வரும். மூன்றாவது, யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு வழியாக ஐ.பி.எஸ்.

இவற்றில் கிடைக்கும் வேலை ஒன்றுக்கொன்று வேறு. எஸ்.ஐ. நிலையத்தில் உட்கார்ந்து புலன் விசாரணை செய்பவர். டி.எஸ்.பி. ஓர் உட்கோட்டத்தில் உள்ள பல நிலையங்களைக் கண்காணிப்பவர். ஐ.பி.எஸ். அதிகாரி சில ஆண்டுகளிலேயே ஒரு மாவட்டம் முழுவதற்கும் எஸ்.பி. ஆகிவிடுவார். மக்களோடு நேரடியாக வேலை செய்ய ஆசைப்படுபவருக்கு எஸ்.ஐ. பதவி மிக நிறைவானது. அதைச் சின்ன வேலை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு சாதாரண மனிதரின் புகார் வழக்காக மாறுவதும், வாசலிலேயே அவர் திருப்பி அனுப்பப்படுவதும் அந்த மேசையில்தான் நடக்கிறது. மாநிலக் காவல் பணியில் டி.எஸ்.பி.யாகச் சேர்ந்தவர்கள் பதவி உயர்வில் ஐ.பி.எஸ். ஆகவும் வழி உண்டு. ஐ.பி.எஸ். பணியிடங்களில் மூன்றில் ஒரு பங்கு இந்தப் பதவி உயர்வுக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அடுத்து, உயரத்தை இன்றே அளந்து பார்த்துவிடுங்கள். எஸ்.ஐ. தேர்வுக்கு ஆண்கள் 170 செ.மீ. இருக்க வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் 167. பெண்களுக்கு 159, பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு 157. ஐ.பி.எஸ்.ஸுக்கோ ஆண்களுக்கு 165, பெண்களுக்கு 150தான். 166 செ.மீ. உயரமுள்ள பொதுப் பிரிவு அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவருக்கு எஸ்.ஐ. வாசல் மூடியிருக்கும், ஐ.பி.எஸ். வாசல் திறந்திருக்கும். இதை மூன்றாம் ஆண்டில் தெரிந்துகொண்டு மனமுடைந்து போவதை விட, சேர்ந்த வாரமே தெரிந்துகொண்டு படிப்பை அதற்கேற்றபடி மாற்றிக்கொள்வது நல்லது. குரூப் 1-இல் டி.எஸ்.பி. பதவிக்கும் உடல் அளவு விதிகள் உண்டு. அறிவிக்கையைத் தரவிறக்கி வரிவரியாகப் படியுங்கள். கண் பரிசோதனையும் இப்போதே செய்துவிடுங்கள். கண்ணாடி போட்டவர்களுக்கு ஐ.பி.எஸ்.ஸில் இடமுண்டு, நிறக்குருடு உள்ளவர்களுக்குக் கிடையாது.

வயது வரம்பு: எஸ்.ஐ. தேர்வுக்கு 20 முதல் 30 வரை. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 32, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 35. யு.பி.எஸ்.சி.யில் பொதுப் பிரிவுக்கு 32 வயதுக்குள் 6 முறை, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயதுக்குள் 9 முறை, பட்டியல் சாதி, பழங்குடியினர் 37 வயது வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

எந்தப் பட்டம் படிப்பது

மூன்று தேர்வுகளுக்குமே ஏதாவது ஒரு பட்டம் போதும். குற்றவியலும் காவல் நிர்வாகமும் என்ற பெயரிலேயே சில கலைக் கல்லூரிகளில் இளங்கலை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. அந்தப் படிப்பு நல்ல அடித்தளம் தரும், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் குற்றவியல் கிடையாது, காவல் நிர்வாகமும் கிடையாது. சட்டம், பொது நிர்வாகம், சமூகவியல், உளவியல், மானிடவியல், தமிழ் இலக்கியம் எல்லாம் உண்டு. குற்றவியல் படிக்கும் மாணவர் ஐ.பி.எஸ். எண்ணத்தில் இருந்தால், சட்டம் அல்லது சமூகவியலை விருப்பப் பாடமாக வைத்து இரண்டாம் ஆண்டிலேயே தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

பி.காம். படிப்பவர்கள் தங்களுக்கும் காவல் துறைக்கும் தொடர்பில்லை என்று நினைப்பது எனக்கு வருத்தமான விஷயம். நிதி நிறுவன மோசடிகளை விசாரிக்கும் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்கு இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். தமிழ்நாட்டில் முதலீட்டாளர்களைக் காக்க 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதன் கீழ் வரும் வழக்குகளில் வங்கிக் கணக்கு விவரங்கள்தான் முக்கிய சாட்சி. கணினி படித்தவர்களுக்கு சைபர் குற்றப் பிரிவு இருக்கிறது, உளவியல் படித்தவர்களுக்கு சாட்சிகளை விசாரிப்பதில் கைகொடுக்கும். கையில் இருக்கும் பட்டத்தை விட்டுவிட்டு ஓட வேண்டாம்.

சட்டத்தை எந்த வரிசையில் படிப்பது

2024 ஜூலை 1 முதல் பழைய மூன்று சட்டங்களும் போய்விட்டன. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம். பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய பதிப்புகளை வாங்கிவிடாதீர்கள். கொலைக்கு 302 என்று மனப்பாடம் ஆகியிருந்தால் இப்போது அது 103; ஏமாற்றுதல் 420 இப்போது 318. அதே நேரம், 2024 ஜூலைக்கு முன்பு நடந்த குற்றங்கள் பழைய தண்டனைப் பிரிவுகளின்படிதான் நடக்கும் என்பதால் பழைய எண்களும் இன்னும் பல ஆண்டுகளுக்கு நீதிமன்றங்களில் ஒலிக்கும்.

பலரும் தண்டனைச் சட்டத்தில் தொடங்கி, குற்றங்களின் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். நான் சொல்வது வேறு வரிசை. முதலில் அரசியலமைப்பின் 20, 21, 22 ஆகிய மூன்று உறுப்புகள். தன்னைத்தானே குற்றப்படுத்தும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் ஆஜர்படுத்த வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் கைது பற்றிய அத்தியாயம், 173-ஆம் பிரிவு, 187-ஆம் பிரிவு. 173 முதல் தகவல் அறிக்கை பற்றியது. எந்த நிலையத்தின் எல்லையில் குற்றம் நடந்திருந்தாலும் புகாரை வாங்கலாம், புகார்தாரருக்கு இலவசமாக நகல் தர வேண்டும் என்று அது சொல்கிறது. 187-இல் ரிமாண்ட், அதாவது கைதானவரை நடுவரின் உத்தரவோடு காவலில் வைப்பது வருகிறது. குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப் பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீன் கேட்கும்போது அதை மறுக்க முடியாது. இந்த நாள் கணக்கைக் கோட்டைவிடுவது நிர்வாகத் தவறு, அதில் வீரம் எதுவும் உதவாது.

இதோடு நான்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் படியுங்கள். கைது செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறைகளை வகுத்த டி.கே. பாசு வழக்கு, காவல் துறைச் சீர்திருத்தத்துக்கு உத்தரவிட்ட 2006-ஆம் ஆண்டின் பிரகாஷ் சிங் வழக்கு, கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்ற 2013-ஆம் ஆண்டின் லலிதா குமாரி வழக்கு, தேவையில்லாத கைதுகளைத் தடுக்கும் 2014-ஆம் ஆண்டின் அர்னேஷ் குமார் வழக்கு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்த கொடுமையை நினைத்துக்கொண்டு டி.கே. பாசு தீர்ப்பைப் படித்தால், கைதுக் குறிப்பு, மருத்துவப் பரிசோதனை, உறவினருக்குத் தகவல் என்று அதில் உள்ள ஒவ்வொரு நடைமுறையும் ஏன் இருக்கிறது என்று புரியும். காவலில் இருப்பவரின் உயிருக்கு நிலையத்தில் உள்ள அதிகாரி பொறுப்பு. இதில் தெளிவில்லாத ஒருவர் இந்த வேலைக்கு வரவே வேண்டாம் என்பது என் கருத்து.

எழுதிப் பழகுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

முதலில் உண்மையான முதல் தகவல் அறிக்கைகளைப் படியுங்கள். பாலியல் குற்றம் போன்ற நுட்பமான வழக்குகள் தவிர மற்றவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவைத் தளத்திலேயே பார்க்கலாம். சிலவற்றைப் படித்ததுமே நல்லது எது, ஓட்டை எது என்று தெரிய ஆரம்பிக்கும்.

பிறகு நீங்களே எழுதுங்கள். பேருந்து நிலையத்தில் நிறுத்திய இருசக்கர வாகனம் காணாமல் போய்விட்டது என்று ஒரு நண்பர் புகார் சொல்லட்டும். அவர் சொல்லச் சொல்ல, அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். எப்போது நிறுத்தினார், எப்போது திரும்பி வந்து பார்த்தார், பதிவு எண், என்ஜின் எண், சேசிஸ் எண், நிலையத்திலிருந்து அந்த இடம் எந்தத் திசையில் எவ்வளவு தூரம், புகார் கொடுக்கத் தாமதம் என்றால் ஏன். கடைசியில் பிரிவு: திருட்டுக்கு நியாய சன்ஹிதா 303(2). எழுதியதை இன்னொரு நண்பரிடம் கொடுத்து, எதிர்த்தரப்பு வக்கீலாக மாறிக் குறுக்குக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். 'காலையில்' என்று எழுதியிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்த பயிற்சி மகஜர். கல்லூரி நூலகத்தின் ஒரு மூலையைச் சம்பவ இடமாக வைத்துக்கொண்டு பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயாரியுங்கள். சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளியோடு பதிவு செய்ய வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்பது 176(3). மின்னணுச் சாட்சியத்தோடு சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்று இணைக்க வேண்டும். செல்போனோடு வளர்ந்த இந்தத் தலைமுறைக்கு இவை கைவந்த வேலை. மூத்தவர்கள் தடுமாறும் இடத்தில் நீங்கள் உதவியாக இருக்கலாம்.

மூன்றாவது பயிற்சியைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. 40 பேர் கொண்ட ஒரு நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஊர்க் கோயில் தேர், அதே நாளில் அமைச்சர் வருகை, நீதிமன்றத்தில் மூன்று வழக்குகளுக்குச் சாட்சி, இரவு ரோந்து, நிலையப் பாரா (நிலைய வாசல் காவல்), ஒரு கைதியை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும், ஆறு பேருக்கு வார விடுப்பு. யாரை எங்கே போடுவீர்கள்? பெண் காவலர் கட்டாயம் தேவைப்படும் பணி எது? இரவு ரோந்து முடித்தவரைக் காலையில் பந்தோபஸ்துக்கு அனுப்பலாமா? ஒரு தாளில் பணிப் பட்டியல் எழுதிப் பாருங்கள். வார விடுப்பை முதலில் வெட்டத்தான் கை போகும். வெட்டாமல் சமாளிக்க முடியுமா என்று யோசிப்பதில்தான் நிர்வாகம் ஆரம்பிக்கிறது. 2021-இல் தமிழ்நாட்டு அரசு காவலர்களுக்கு வார விடுப்பு வழங்க ஆணையிட்டது. அது நடைமுறைக்கு வருவதும் வராததும் இப்படிப் பட்டியல் போடும் அதிகாரியின் கையில் இருக்கிறது.

நீதிமன்றத்துக்கும் நிலையத்துக்கும் போய்ப் பாருங்கள்

நம் நீதிமன்றங்கள் திறந்த நீதிமன்றங்கள். நுழைவாயிலில் சோதனை முடிந்தால் யாரும் அமைதியாகப் பின்வரிசையில் உட்காரலாம். செமஸ்டர் விடுமுறையில் உங்கள் ஊரின் அமர்வு நீதிமன்றத்தில், விசாரணை அதிகாரி சாட்சி சொல்லும் நாளாகப் பார்த்துப் போங்கள். மகஜரில் சாட்சி கையெழுத்துப் போட்ட நேரத்துக்கும் கைது நேரத்துக்கும் உள்ள பத்து நிமிட முரண்பாட்டை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் எப்படி ஒரு வழக்கையே ஆட்டம் காண வைக்கிறார் என்று பார்ப்பது எந்தப் பயிற்சி மையத்திலும் கிடைக்காத பாடம்.

நிலையத்துக்கு நேரடியாகப் போய் நின்றால் வேலையில் இருப்பவர்களுக்கு இடைஞ்சல். கல்லூரித் துறைத் தலைவரின் கடிதத்தோடு மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தையோ, மாநகரம் என்றால் ஆணையர் அலுவலகத்தையோ அணுகுங்கள். மாணவர்கள் காவல் நிலையத்தில் 30 நாள் இருந்து கற்றுக்கொள்ளும் திட்டம் ஒன்றை ஒன்றிய அரசு 2023-இல் மை பாரத் தளம் வழியாகத் தொடங்கியது. உங்கள் மாவட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரிடம் விசாரியுங்கள். தேசிய மனித உரிமை ஆணையமும் மாணவர்களுக்குப் பயிற்சிப் பணி தருகிறது. காவல் துறையை வெளியிலிருந்து கண்காணிப்பவர்களின் கண்ணால் பார்க்க அது நல்ல வாய்ப்பு.

எங்கே போனாலும் உங்களுக்குக் காவல் அதிகாரம் எதுவும் இல்லை என்பதை மறக்க வேண்டாம். 1993-இல் ராமநாதபுரத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய, பொதுமக்கள் காவல் துறைக்கு உதவிய காவல் நண்பர்கள் அமைப்புக்கு, சாத்தான்குளம் சம்பவத்தை அடுத்து 2020 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு தடை விதித்தது. உடுப்பு இல்லாதவர் விசாரணையில் கை வைப்பது யாருக்கும் நல்லதில்லை. பாருங்கள், கேளுங்கள், குறிப்பெடுங்கள், அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உடல்

எஸ்.ஐ. தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும் பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடியிலும் முடிக்க வேண்டும். 400 மீட்டர் பாதையில் 1500 என்பது மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 1 நிமிடம் 50 நொடி என்ற வேகத்தைப் பிடித்தால் போதும். முதல் ஆண்டில் வாரம் நான்கு நாள் மெதுவோட்டம் போதுமானது. அறிவிக்கை வந்த பிறகு ஒரே மாதத்தில் முறுக்கினால் கணுக்காலும் முழங்காலும்தான் போகும். ஆண்களுக்குக் கயிறு ஏறுதல் உண்டு. அதற்குத் தோளும் பிடியும் வலுவாக மாதக் கணக்கில் ஆகும் என்பதால் அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

தேர்வு

எஸ்.ஐ. தேர்வில் தமிழ் மொழித் தகுதித் தேர்வில் 100-க்கு 40 எடுத்தால்தான் முதன்மை எழுத்துத் தேர்வுத் தாளையே திருத்துவார்கள். முதன்மைத் தேர்வுக்கு 70, உடல்திறனுக்கு 15, நேர்முகத்துக்கு 10, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்கு 5. அந்த ஐந்தும் படிக்கும் காலத்திலேயே சம்பாதிக்க வேண்டியவை, அதனால் முதல் ஆண்டிலேயே என்.சி.சி.யிலோ என்.எஸ்.எஸ்.ஸிலோ சேர்ந்துவிடுங்கள்.

குரூப் 1 முதன்மைத் தேர்வில் 250 மதிப்பெண் கொண்ட மூன்று விரிவான தாள்கள். அதோடு 100 மதிப்பெண் நேர்முகம். யு.பி.எஸ்.சி.யில் முதன்மைத் தேர்வு 1750, நேர்முகம் 275. முதனிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். பொது அறிவுக்கு 6 முதல் 12 வரையிலான பள்ளிப் பாடப் புத்தகங்களே ஆரம்பம்.

கட்டணப் பயிற்சிக்குப் பணம் இல்லை என்று யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவச வகுப்பு நடக்கிறது. ஐ.பி.எஸ். நோக்கம் உள்ளவர்களுக்குச் சென்னையில் தமிழ்நாட்டு அரசின் அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. நான் முதல்வன் திட்டத்தில் தனித் தேர்வு வைத்துத் தேர்ந்தெடுக்கும் 1000 பேருக்கு முதனிலைத் தேர்வுத் தயாரிப்புக்கு மாதம் 7,500 ரூபாயும், அதில் வென்றவர்களுக்கு முதன்மைத் தேர்வுக்காக 25,000 ரூபாயும் தருகிறார்கள். பணம் கொடுத்தால் எஸ்.ஐ. வேலை வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகர் யாராக இருந்தாலும், உறவினரே ஆனாலும், மோசடிக்காரர்.

பெயரைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்

தேர்வில் வென்ற பிறகு முன்நடத்தை விசாரணை வரும். வழக்கு நிலுவையில் இருந்தால் வேலை கிடைக்காது. சாட்சிகள் பிறழ்ந்தோ, சந்தேகத்தின் பலனிலோ விடுதலை ஆகியிருந்தாலும் வழக்கில் தொடர்புடையவர் என்றே தமிழ்நாட்டுக் காவல் பணி விதிகள் கருதுகின்றன. வழக்கை மறைத்து விண்ணப்பித்தால் அதற்காகவே நிராகரிப்பார்கள்.

சென்னையில் மாணவர்கள் பேருந்தில் நடத்தும் பஸ் டே கொண்டாட்டத்திலும், பேருந்துத் தட மாணவர் தலைவர்களான 'ரூட்டு தல'களின் மோதலிலும் பெயர் சேர்ந்த மாணவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. கூட்டத்தில் நின்றதற்காகப் பதிவான ஒரு வழக்கு, 22 வயதில் எஸ்.ஐ. கனவை அடைத்துவிடுகிறது. அப்படி ஏற்கனவே உங்கள் மேல் வழக்கு இருந்தால் ஒளிக்க வேண்டாம். இப்போதே நல்ல வக்கீலைப் பார்த்து, உயர் நீதிமன்றத்தில் அதை ரத்து செய்யக் கேட்க முடியுமா என்று ஆலோசியுங்கள். விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

பக்கத்து வாசல்கள்

உயரமோ பார்வையோ தடுத்தால் துறையை விட்டே போக வேண்டாம். உதவிச் சிறை அலுவலர் பணி, தடய அறிவியல் துறைப் பணி, பி.எல். முடித்து வக்கீலாக அனுபவம் பெற்றவர்களுக்கு உதவி அரசு வழக்குரைஞர் பணி ஆகியவற்றுக்கு டி.என்.பி.எஸ்.சி. ஆள் எடுக்கிறது. சிறைப் பணிக்குத் தனி உடல் தகுதி உண்டு. மத்தியப் படைகளில் உதவி கமாண்டன்ட் பதவிக்கு யு.பி.எஸ்.சி.யும், டெல்லி காவல் துறை மற்றும் மத்தியப் படைகளின் எஸ்.ஐ. பதவிக்கு ஒன்றிய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி.யும் தேர்வு நடத்துகின்றன. இந்த இரண்டிலும் வயது வரம்பு 20 முதல் 25 என்பதால், இவற்றை யோசிப்பவர்கள் பட்டம் முடித்த உடனே எழுத வேண்டும்.

சான்றிதழ்கள்

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநிலத் தேர்வுகளில் 20 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம் வரை தமிழ் வழியில் படித்ததற்கான சான்று, படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் வேண்டும். அறிவிக்கை வந்த வாரத்தில் தலைமை ஆசிரியர் அறை வாசலில் வரிசை நீண்டுவிடும். இந்த விடுமுறையிலேயே போய் வாங்கி, சாதிச் சான்றோடும் என்.சி.சி. அட்டையோடும் ஒரே கோப்பில் வைத்துவிடுங்கள். எல்லாவற்றிலும் பெயரின் முதலெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். வேறுபட்டால் திருத்தி வாங்க நாள் பிடிக்கும்.